மூளையின் ரத்தக்குழாய் சுருங்குவது ஏன்?

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். நடவு முடித்த சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களையும் பார்க்கிறேன். கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. உங்கள் தலைக்குள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் டாக்டர் அல்ல. மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். டாக்டர்களைக் கேட்டும், விஞ்ஞானிகள் எழுதியவற்றைப் படித்துப் புரிந்துகொண்டும் சொல்கிறேன்.

எதற்காக இந்த விஷயம்? ஒரு வியாதி இருக்கிறது. அது முதல் நாள் ஒரு அடி அடிக்கிறது. அதிலே பிழைத்துக் கொண்ட மனிதனை நான்காம் நாளோ ஏழாம் நாளோ மறைந்திருந்து இரண்டாவது அடி அடிக்கிறது. இந்த இரண்டு அடிகளுக்கும் நடுவே உள்ள நாட்களில்தான் நம்மவர்கள், "ஆள் நன்றாகப் பேசுகிறாரே, காப்பி குடிக்கிறாரே, இனி எதற்கு ஆஸ்பத்திரி?" என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் உள்ளே நடப்பது என்ன என்பது தெரிந்துவிட்டால் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டோம்.

முதலில் இடத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே மூளையை மூன்று உறைகள் சுற்றியிருக்கின்றன. நடு உறை சிலந்தி வலை போல மெல்லியது. பெயரே சிலந்தி உறை. அதற்கும் மூளையை ஒட்டிய உள் உறைக்கும் நடுவே தெளிந்த நீர் நிற்கிறது. மூளையையும் முதுகுத் தண்டையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் இந்த நீர் 150 மில்லி லிட்டர் அளவுதான். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள், அதாவது தமனிகள், இந்த நீரிலே மிதந்தபடிதான் கிளை பிரிகின்றன. மூளையின் எடை நம் உடல் எடையில் 50-ல் ஒரு பங்கு. ஆனால் நாம் சுவாசிக்கும் பிராண வாயுவில் 5-ல் ஒரு பங்கை அதுதான் எடுத்துக் கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் மூளைக்குக் கிடையாது, அன்றாடங்காய்ச்சி மாதிரி. ஓட்டம் நின்றால் சில நிமிஷங்களிலேயே சாக ஆரம்பித்துவிடும்.

தமனி கிளை பிரியும் முக்கில் சிலருக்குச் சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் ட்யூப் புடைப்பது போலப் புடைத்து நிற்கும். ரத்தக் கொதிப்பும் பீடி சிகரெட்டும் இந்தப் புடைப்புக்கும், அது வெடிப்பதற்கும் பெரிய துணைவர்கள். அளவு மீறிய குடியும் அவர்களோடு சேரும். ஒரு நாள் அது வெடிக்கிறது. ரத்தம் அந்தத் தெளிந்த நீரிலே பாய்கிறது. அப்போது தலைவலி வருகிறது பாருங்கள், அது நாம் வழக்கமாகச் சொல்லும் தலைவலி அல்ல! தலையில் இடி விழுந்தாற்போல, ஒரு நொடியில், வாழ்நாளில் அதுவரை கண்டிராத வலி. வாந்தி வரும், சிலர் நினைவிழப்பார்கள், சில மணி நேரத்தில் கழுத்து விறைக்கும். "வெயில் தாக்கியிருக்கும்", "பித்தம்", "ஒற்றைத் தலைவலி" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைப்பதற்கான வலி அல்ல அது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, தலையைப் படமெடுக்கும் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வியாதிகளிலே நூற்றுக்கு ஐந்துதான் இந்த வகை. எண்ணிக்கை சிறிதே என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற வகைகள் பெரும்பாலும் வயதானவர்களைப் பிடிக்கின்றன. இது 50 வயதையொட்டி, சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்து போகிறார். பிழைத்தவர்களிலும் பலருக்கு ஞாபக மறதி, வேலைக்குத் திரும்ப முடியாத அசதி.

வெடித்த புடைப்பை அடைக்கும் வித்தை மனிதனுக்கு எப்போதோ கைவந்துவிட்டது. 1927-ல் போர்த்துகலில் ஏகாஸ் மோனிஸ் என்ற டாக்டர் மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் தெரிய வைத்தார். 1937-ல் அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் ஒரு கிளிப்பைப் போட்டார். 1990-ல் குக்லியெல்மி என்ற இத்தாலிய டாக்டர், மண்டையைத் திறக்காமலே, தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை ஓட்டி, பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்புக்குள் நிரப்பி அடைத்தார். அடைப்பதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. ஏனென்றால் மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம்.

சரி, அடைத்தாகிவிட்டது. ஓட்டை இல்லை. இனி என்ன பயம்?

1951-ல் நியூயார்க் மாகாணத்திலே எக்கர், ரீமென்ஷ்னைடர் என்ற இரு டாக்டர்கள் இந்த நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ரத்தம் கசிந்த இடத்தைச் சுற்றியுள்ள தமனிகள் சுருங்கி நூலாகியிருந்தன. பின்னால் வந்தவர்கள் நாட்கணக்கைத் தெளிவாக்கினார்கள். சுருக்கம் உடனே வருவதில்லை. மூன்றாம் நாளையொட்டி ஆரம்பிக்கிறது. ஏழாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகிறது. இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் கழித்துத் தானாகவே விலகுகிறது. படத்தில் பார்த்தால் மூன்றில் இருவருக்கு ஓரளவு சுருக்கம் தெரியும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த நாட்களில் மூளை மறுபடி பாதிக்கப்படுகிறது: பேச்சுக் குழறும், ஒரு கை விழும், மயக்கம் வரும்.

பம்புசெட் வைத்து நீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். குழாயின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் வரும் தண்ணீர் பாதியாகாது. 16-ல் ஒரு பங்காகிவிடும். தமனியிலே கொஞ்சம் சுருக்கம் என்றாலும் மூளைக்குப் பெரிய பஞ்சம்.

ஆனால் ஏன் மூன்று நாள் தாமதம்? ரத்தம் வெளியே பட்டதுதான் காரணம் என்றால் பட்டவுடனே அல்லவா சுருங்க வேண்டும்? இந்தக் கேள்விக்குத்தான் நான் வரவேண்டும்.

தமனியின் சுவரிலே தசை இருக்கிறது. வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் அந்தத் தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். இறுகு, தளர் என்று கட்டளை கொண்டு வருபவை ரசாயனங்கள். கட்டளையைக் கேட்பதற்குத் தசையின் ஒவ்வொரு ஜீவ அணுவிலும் காதுகள் உண்டு. விஞ்ஞானிகள் அவற்றை 'ஏற்பி' என்கிறார்கள். மில் சங்கு ஊதுகிறது என்று வையுங்கள். சங்கு ஒன்றுதான், ஆனால் காது கேட்கிறவன்தான் எழுந்து ஓடுவான். காது கேளாதவனுக்கு எத்தனை சங்கு ஊதினாலும் ஒன்றுதான். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனிக் காது. ஒரு காதுக்கு இன்னொரு சங்கு கேட்காது.

1988-ல் ஜப்பானில் ட்சுகுபா சர்வகலாசாலையில் யனகிஸாவா என்ற இளம் விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் பன்றியின் பெருந்தமனியின் உட்சுவர் ஜீவ அணுக்களிலிருந்து ஒரு சரக்கைக் கண்டுபிடித்தார்கள். 21 கண்ணிகள் கோர்த்த சின்னச் சங்கிலி. அதன் பெயர் எண்டோதீலின். ரத்தக்குழாயை இறுக்குவதில் உடலிலேயே அதைப் போல வல்லது வேறில்லை என்று சொல்லும் அளவுக்கு வலிமை வாய்ந்தது. 1990-ல் அதற்கு இரண்டு விதக் காதுகள் இருப்பது தெரிந்தது. 'ஏ' வகைக் காது தசையில் இருக்கிறது, கேட்டால் இறுகும். 'பி' வகைக் காது, நல்ல நிலையிலுள்ள மூளைத் தமனியில், உட்சுவரின் மெல்லிய படலத்தில் இருக்கிறது; அது கேட்டால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுவித்துத் தசையைத் தளர்த்தும். ஒரே சங்குதான், ஒருவன் இறுக்குகிறான், இன்னொருவன் தளர்த்துகிறான். இப்படித்தான் சமநிலை நிற்கிறது.

இங்கேதான் ஸ்வீடன் நாட்டு லுண்ட் சர்வகலாசாலையில் லார்ஸ் எட்வின்சன் என்பவரும், அவரோடு டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் வேலை செய்தவர்களும் வருகிறார்கள். (இவர் ஒற்றைத் தலைவலி ஆராய்ச்சிக்காக 2021-ல் மூவரோடு சேர்ந்து 'மூளைப் பரிசு' பெற்றவர்.) அவர்கள் ஒரு தமனித் துண்டை வெட்டி எடுத்து, ஊட்டச் சத்துள்ள திரவத்தில் ஓரிரு நாள் வைத்திருந்தார்கள். அதிலே ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சோதித்துப் பார்த்தால், தசையிலே முன்பு இல்லாத இடத்தில் 'பி' வகைக் காது முளைத்திருக்கிறது! அதுவும் தளர்த்தும் காதாக அல்ல. இருக்கும் இடம் மாறியதால் இறுக்கும் காதாக! காலையில் மடையைத் திறந்து விடுகிறவன் சாயங்காலம் அதே மடையை மூடுகிறவனாக மாறிவிட்டான். செரடோனின் என்ற இன்னொரு ரசாயனத்தின் காதும் கூடியிருந்தது. ஆஞ்சியோடென்சின் என்ற மூன்றாவது ஒன்றின் காதும் அப்படியே.

அடுத்து எலிகளில் பார்த்தார்கள். மூளையைச் சுற்றி ரத்தத்தைச் செலுத்தி, இரண்டு நாள் கழித்துத் தமனிகளை எடுத்துச் சோதித்தார்கள். அதே காதுகள், அதே மாற்றம். மூளையின் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தது. மனிதர்களுக்கு வேறு வியாதிக்காக அறுவை செய்தபோது வெட்டி எடுத்த திசுவிலிருந்த சிறு தமனிகளை வளர்த்துப் பார்த்ததிலும் இதே போக்குத்தான்.

இப்போது தாமதத்தின் ரகசியம் வெளியாகிறதல்லவா? காது என்பது புரதத்தால் செய்யப்பட்ட பண்டம். அதை ஜீவ அணு புதிதாக உற்பத்தி செய்ய வேண்டும். உற்பத்திக்கு நேரம் பிடிக்கும். ஒரு நாள், இரண்டு நாள். ரத்தம் பட்ட நாளில் தமனி பழைய தமனிதான். மூன்றாம் நாள் அது வேறு தமனி. ரத்தத்தில் எண்டோதீலின் கூடாவிட்டாலும் கவலை வேண்டும். ஏனென்றால் சங்கு அதேதான், காது பெருகிவிட்டது.

இந்த உற்பத்திக்கு ஆர்டர் கொடுத்தது யார்? புடைப்பு வெடித்த முதல் நிமிஷங்களில் மண்டைக்குள் அழுத்தம் எகிறுகிறது. ரத்த ஓட்டம் விழுகிறது. தமனிச் சுவருக்குப் பழகிய இழுவை போய்விடுகிறது. அதுவே ஆர்டரின் ஒரு பகுதி என்று லுண்ட்காரர்கள் கருதுகிறார்கள். திரவத்தில் வைத்த துண்டில் ரத்தமே இல்லாமல் காது முளைத்தது அதற்குச் சாட்சி. அதற்காகக் கசிந்த ரத்தத்தை நிரபராதி என்று விட்டுவிட முடியாது. சிவப்பணுக்கள் உடைந்து அதிலுள்ள ஹீமோகுளோபின் வெளியே வந்து, தளர்த்தும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடை விழுங்கி விடுகிறது. இரு பக்கமும் சேர்ந்துதான் நெருக்குகின்றன.

ஆர்டர் ஜீவ அணுவுக்குள்ளே எப்படிப் போகிறது என்பதையும் அவர்கள் தேடினார்கள். மில்லிலே ஆபீஸிலிருந்து உத்தரவு நேராக மெஷினுக்கு வருவதில்லை. மானேஜர் சூப்பர்வைசரிடம் சொல்வார், அவர் மேஸ்திரியிடம், மேஸ்திரி ஆளிடம். ஜீவ அணுவுக்குள்ளும் புரதங்களின் வரிசை ஒன்று இருக்கிறது. ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பி, உட்கரு வரை சேதியைக் கொண்டு போகிறது. அந்த வரிசையில் 'மெக்' என்ற மேஸ்திரியின் வாயை ஒரு மருந்தால் கட்டினார்கள். எலிக்கு ரத்தம் செலுத்தி 6 மணி நேரம் கழித்தே அந்த மருந்தை ஆரம்பித்தார்கள். அப்படியும் புதிய காதுகள் முளைக்கவில்லை. எலிகள் நடப்பதிலும் அசைவதிலும் மேம்பட்டிருந்தன. 6 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். கிராமத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகிவிடும். அடிபட்ட பிறகும் கையில் நேரம் இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. புற்றுநோய்க்கு உபயோகமாகும் டிராமெடினிப் என்ற மருந்தும் இதே மேஸ்திரியை அடக்குவது. அதையும் எலிகளில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் எலி எலிதான். இந்த வகை மருந்து இந்த வியாதிக்கான சிகிச்சையாக இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

அப்படியானால் காதைப் பொத்தும் மருந்து மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். கிளாஸோசென்டான் என்று பெயர். 'ஏ' வகைக் காதைப் பொத்துவது. 2008-ல் வெளியான சோதனையில் 413 நோயாளிகள். பெரிய அளவு மருந்து பெற்றவர்களில் கடுமையான, நடுத்தரமான சுருக்கம் நூற்றுக்கு 66 பேரிலிருந்து 23 பேராகக் குறைந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். 2011-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த அடுத்த சோதனை வெளியானது. நோயாளிகள் எழுந்து நடந்து வேலைக்குத் திரும்பும் கணக்கில் பலன் தெரியவில்லை. ரத்த அழுத்தம் விழுவது, நுரையீரலில் நீர் சேர்வது என்ற தொல்லைகளும் வந்தன. ஜப்பானில் 2022-ல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். மற்ற நாடுகளில் நடந்த இன்னொரு பெரிய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது, அதுவும் ஏமாற்றந்தான்.

ஏன்? ஒரு காதைப் பொத்தினால் மற்றக் காதுகள் கேட்கின்றன என்பது எட்வின்சன் தரப்பின் பதில். ஒவ்வொரு காதாகப் பொத்துவதைவிட, காது செய்யும் பட்டறையிலே கை வைப்பதுதான் சரி என்கிறார்கள். அது ஒரு நல்ல வாதம். ஆனால் எல்லாம் பெரிய தமனியின் சுருக்கத்தால்தான் நடக்கிறது என்பதும் முழு உண்மையல்ல; நுண்ணிய குழாய்கள் அடைபடுகின்றன, மூளைத் திசுவிலே மின் அலை போன்ற ஒரு கொந்தளிப்பும் பரவுகிறது. எக்ஸ்ரே படம் அழகாகிவிட்டது என்பதாலேயே மனிதன் பிழைத்துவிட்டான் என்று அர்த்தமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு விந்தையைக் கேளுங்கள். நிமோடிபின் என்று ஒரு மாத்திரை. 1989-ல் பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியானது. மூளையின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் செத்துப் போவது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு. நிமோடிபின் சாப்பிட்டவர்களில் 22 பேருக்கு. இத்தனைக்கும் எக்ஸ்ரே படத்தில் தமனி விரிந்ததாகத் தெரிவதில்லை! படத்தை மாற்றிய மருந்து மனிதனை மாற்றவில்லை. படத்தை மாற்றாத மருந்து மனிதனைக் காப்பாற்றுகிறது. விஞ்ஞானத்தில் இப்படியும் நடக்கும். இன்றைக்கும் உலகெங்கும் இந்த வியாதிக்கு முதல் மருந்து அதுதான்.

அந்த மாத்திரையில் ஒரு சிரமம். 60 மில்லி கிராம் வீதம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாட்கள். நடுச்சாமத்திலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். "தூங்குகிறவரை எழுப்புவானேன்" என்று விடக்கூடாது. ரத்த அழுத்தம் விழுகிறதா என்றும் நர்ஸ் பார்க்க வேண்டும். இதற்காகவேதான் டாக்டர் அத்தனை நாள் இருக்கச் சொல்கிறார். பேச்சுக் குழறினால், முகம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், அதைக் கண்டவுடனே சொல்வதற்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். உடனே சொன்னால் ரத்த அழுத்தத்தைக் கூட்டியும், தேவைப்பட்டால் குழாய் வழியே தமனியை விரித்தும் காப்பாற்ற வழி உண்டு.

இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால் கூலி போகும், கூட இருப்பவரின் கூலியும் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. மில் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. உண்டு, விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. சர்க்காரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதை முதல் நாளே எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஊரிலுள்ள சங்கத் தோழர்கள் முறை வைத்துத் துணைக்குப் போகலாம். ஒரே ஆள் மூன்று வாரம் முழுவதும் கண்விழிக்க முடியாது.

பேசி முடித்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். அவற்றையும் சேர்க்கிறேன்.

"புடைப்பு இருப்பதை முன்கூட்டியே தெரிந்து கொள்ள முடியாதா அண்ணே?" என்று ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் கேட்டார். ஸ்கேனில் தெரியும். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுக்க வெடிப்பதே இல்லை. அதனால் எல்லோரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர் என்று இரண்டு பேருக்கு இந்த வியாதி வந்திருந்தால், மற்றவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

"பீடியை விட்டால் குறையுமா?" என்றார் ஒரு பெரியவர். குறையும் என்றேன். காது முளைப்பதைத் தடுக்கும் மருந்து எப்போது வருமோ, பீடியை இன்றைக்கே விடலாம் ஐயா.

"பிரஷர் இருக்கிறதா என்று எனக்கே தெரியாதே தம்பி, வலி ஒன்றும் இல்லையே" என்றார் ஒரு தாயார். அதுதான் அதன் சுபாவம் அம்மா, வலிக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அவர்கள் வரும்போது நீங்கள் வயலில் இருப்பீர்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக் கொண்டு, அன்றைக்கு அரை மணி முன்னதாகக் கரையேறி விடுங்கள்.